மஞ்சளுக்கு வெடித்த சரவெடி

நாக்-அவுட் போட்டியில் தோற்றால் அன்றைக்கே ரயிலேற வேண்டியதுதான். தேசிய மகளிர் கால்பந்தில் நாங்கள் காலிறுதிக்கு வந்ததே சிலருக்குப் பொறுக்கவில்லை. “புதுச்சேரியில பொண்ணுங்க பந்து வெளையாடுவாங்களா?” என்று ஒருவர் என் காதுபடவே கேட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிரணிக்கும் எங்களைப் போலவே மஞ்சள் சட்டை. அதனால் கடைசி நேரத்தில் எங்களுக்கு நீலம் கொடுத்தார்கள். வில்லியனூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் சனமோ மாதா கோயில் மண்டபத்தில் திரை கட்டி உட்கார்ந்திருந்தது. மங்கலான படம், இந்தி வர்ணனை. சட்டை மாறியதை யார் போய்ச் சொல்வது?

மஞ்சள் முதல் கோல் போட்டதும் ஊரில் சரவெடி வெடித்தார்கள். பிறகு நீலம் இரண்டு கோல் போட்டது. இரண்டாவது, ஆட்டம் முடியும் நேரத்தில், நான் தலையால் முட்டியது. அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேதான் முட்டினேன்.

அறைக்கு வந்து போனை எடுத்தால் அம்மா அழுகிறாள்.

“வுடுடி, தோத்தா இன்னா? பத்தரமா வூட்டுக்கு வா.”

“அம்மா, ஜெயிச்சது நாங்க! இன்னிக்கு நாங்கதான் நீலம்.”

அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“அப்ப கடைசியில தலையால முட்டுனாளே, அவ யாருடி? அவ வெளங்கவே மாட்டான்னு சாபம் வுட்டேனே!”

“நான்தாம்மா அது.”

அம்மா போனை அணைக்காமலே போட்டுவிட்டு ஓடினாள். “நீலம் நம்ம புள்ளைங்கடா! மிச்ச வெடிய எடுத்தாங்கடா!” என்று அவள் கத்துவது கேட்டது. வியர்வை காயாத நீலச் சட்டையோடு, என் கோலுக்கு ஊர் வெடி வெடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.