கைக்கு வந்த கால் எலும்பு

அந்தப் பணிமனையில் பெரிய பேருந்து ஓட்டிய ஒரே பெண் அவர்தான். எல்லோருக்கும் டிரைவரக்கா. குறுக்கே புகுந்த பைக் ஆசாமி யாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பியதில்லை. அப்படிப்பட்டவர், இடது மணிக்கட்டில் வந்த வலியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. கியர் போட்டுப் போட்டுச் சுளுக்கியிருக்கும் என்று பட்டையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினார். வீக்கத்தைக் கணவர் கவனித்துக் கேட்டபோது, "வெயிட் போட்டுட்டேங்க" என்று சமாளித்தார்.

கணவர் தையல்காரர். பெண்டாட்டியின் அளவு தெரியாதா? "ஒரு கை மட்டுமா வெயிட் போடும்?" என்றார்.

ஒரு நாள் மேம்பாலத்து ஏற்றத்தில் கியரை மாற்றும்போது மணிக்கட்டுக்குள் ஏதோ மளுக்கென்றது. கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் கத்தினார்.

கண்டக்டர் ஓடி வந்தார். "என்னக்கா, டயரா?"

"கைப்பா, என் கை!"

எக்ஸ்ரேயில் மணிக்கட்டை ஒட்டிய எலும்பின் முனை சோப்பு நுரை மாதிரி ஊதி, ஒரு பக்கம் உடைந்திருந்தது. முதலில் பார்த்த மருத்துவர், கட்டி என்றும் கையையே எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். வீடு வந்து சேர்ந்தது எப்படி என்றே டிரைவரக்காவுக்குத் தெரியவில்லை. மறுநாள் கணவர் கடையைப் பூட்டிவிட்டு, எலும்புக் கட்டிகளுக்கென்றே இருக்கும் ஒரு அறுவை மருத்துவரிடம் அவரைக் கூட்டிப்போனார்.

அந்த டாக்டரம்மா ஊசியால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"புற்றுநோய் இல்லம்மா. ஆனா சாதுவும் இல்ல, எலும்பைத் தின்னுட்டே போகும். சுரண்டி எடுத்துட்டு நிரப்பலாம்னா, எலும்போட ஓடே உடைஞ்சிருக்கு. அந்த முனையை முழுசா எடுத்துடணும்."

"எடுத்துட்டு?"

"கால்ல முட்டிக்குக் கீழ வெளிப்பக்கம் மெல்லிசா ஒரு எலும்பு இருக்கு. உடம்பு பாரத்தைத் தாங்குறது பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற பெரிய எலும்புதான். அதனால மெல்லிசு எலும்போட மேல்முனையை எடுத்து இங்க வச்சு, தகடும் திருகும் போட்டு இணைச்சிடலாம்."

டிரைவரக்கா யோசித்தார். "அப்ப இனிமே யாரையாவது அறைஞ்சா, உதைச்ச கணக்குல சேருமா டாக்டர்?"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டுவேனா?"

"கை உங்ககிட்ட இருக்கும். விரலெல்லாம் வேலை செய்யும். மணிக்கட்டு பழையபடி மடங்காது. கட்டி திரும்பி வரவும் வாய்ப்பிருக்கு. வண்டியைப் பத்தி இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன்."

பொய்யாகத் தேற்றாத அந்தப் பேச்சில்தான் டிரைவரக்காவுக்கு நம்பிக்கை வந்தது.

அறுவை நடந்தபோது கணவர் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் முதலில் கைவிரலை அசைக்கச் சொன்னார். பிறகு பாதத்தைத் தூக்கச் சொன்னார். இரண்டும் சொன்னபடி கேட்டன.

அதற்குப் பிறகுதான் சோதனை. புது எலும்பும் பழைய எலும்பும் சேரும் இடம் மாதங்கள் கடந்தும் ஒட்டவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டுக்கும் நடுவே இருந்த கோடு மறையாமல் நின்றது. டிரைவரக்கா சுருண்டுபோனார். கணவர் தலைசீவிவிடும்போது அவர்மேல் எரிந்து விழுந்தார். ஊருக்கெல்லாம் ஊசியில் நூல் கோத்தவருக்குச் சடை மட்டும் கைவரவில்லை.

"விடுங்க! நான் மொட்டையே அடிச்சிக்கிறேன்."

"அடிச்சிக்கம்மா. சீப்பாவது பிழைச்சுப் போகட்டும்."

சிரிக்க ஆரம்பித்தவர், அழுதுதான் நிறுத்தினார்.

இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைத்து அடைத்தார்கள். இந்த முறை ஒட்டியது. ஈரத்துண்டைப் பிழிவது, பந்தை அமுக்குவது என்று பயிற்சி ஆரம்பமானது. பணிமனையில் முதலில் நாற்காலி வேலைதான் கொடுத்தார்கள். ஓய்வு நேரத்தில் மேலாளரைக் கெஞ்சி, காலி மைதானத்தில் பயிற்சி வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்தார். மணிக்கட்டு செய்த வேலையைத் தோளும் முழங்கையும் கற்றுக்கொண்டன. மருத்துவக் குழுவின் சோதனையிலும் வண்டியை ஓட்டிக் காட்டும் சோதனையிலும் தேறியபின், பேட்டைக்குள் சுற்றும் சிறிய பேருந்து கிடைத்தது.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது கட்டியின் சுவடே இல்லை. இந்தக் கட்டி அபூர்வமாக நுரையீரலுக்கும் போகும் என்பதால் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வெளியே ஒரு கொத்தனார் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதே கட்டி, இதே இடம். மருத்துவர், "உங்க கையை அவருக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

டிரைவரக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். "அமுக்குங்க. பயப்படாதீங்க, கழண்டு வராது."

கொத்தனார் தயங்கித் தயங்கி அமுக்கினார். டிரைவரக்கா திருப்பி ஓர் அமுக்கு அமுக்கினார்.

"யம்மா! விடுங்கம்மா!"

அவர் மனைவி சிரித்துவிட்டார்.

"மடங்குறது பாதிதான். அதையும் பாத்துக்குங்க" என்று டிரைவரக்கா மணிக்கட்டை மெல்ல மடக்கிக் காட்டினார். "நடுவுல மனசு விட்டுப்போற நாளும் வரும். இப்ப என்ன கேக்கணுமோ கேளுங்க."

கொத்தனார் கேட்க ஆரம்பித்தார்.