அண்ணையின் பழைய மதிப்பெண்

லண்டனின் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில், வரும் ரயில்களை எல்லாம் போகவிட்டுக்கொண்டு அண்ணை நின்றதுதான் முதல் அறிகுறி. எதில் ஏறினால் வீடு வரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அண்ணை அமெரிக்கக் கால்பந்தில் லைன்மேனாக இருந்தவர். பந்தைத் தொடாத வேலை. முன்வரிசையில் கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்து நின்று, எதிரே வருபவனை மோதித் தள்ளி, பின்னால் வருபவனுக்கு வழி திறக்க வேண்டும். அமெரிக்காவில் படிக்கப் போய், அங்கேயே தொழில்முறை ஆட்டக்காரராகி, முழங்கால் கைவிட்ட பிறகு லண்டன் திரும்பினார். நினைவிழந்து விழுந்தது ஓரிரு தடவைதான். தலை மோதியதோ ஒவ்வொரு ஆட்டத்திலும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரிடம் போகுமுன் குறித்துவையுங்கள்: எதை மறக்கிறார், எதற்குக் கோபப்படுகிறார், எப்படித் தூங்குகிறார். நான் இன்னொன்றும் கொண்டுபோனேன்: ஆட்டக்காலம் தொடங்குமுன் அவருடைய அணி வைத்த நினைவாற்றல் சோதனையின் மதிப்பெண். பாலங்களில் அதிர்வை அளக்கும் கருவிகள் பொருத்துவது என் தொழில். முதல் அளவு இல்லாமல் விரிசல் வளர்கிறதா என்று சொல்ல முடியாது.

நரம்பியல் மருத்துவர் (மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர்) தமிழ்நாட்டுக்காரர். புதிய சோதனையின் முடிவைப் பழையதோடு ஒப்பிட்டார்.

"பெருசா வித்தியாசம் இல்லம்மா."

எனக்கு மூச்சு வந்தது. அண்ணை சிரித்தார்.

"அதை நம்பாதேங்கோ டொக்டர். அண்டைக்கு நான் வேணுமெண்டே பிழையா எழுதினனான்."

"ஏன் அண்ணை?"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது. முதலே குறைச்சு எடுத்தா, பிறகு அடிபட்டாலும் மார்க் இறங்கினது தெரியாது. விளையாட விடுவினம்." என் முகத்தைப் பார்த்தார். "இப்ப பார், உண்மையாவே அந்த மார்க்குக்கு வந்திட்டன்."

மருத்துவர் பழைய தாளை ஓரமாக வைத்தார். தொடர் அடிகளால் வரும் மூளைச் சிதைவாக (மூளைச் செல்கள் மெல்ல அழிவது) இருக்கலாம், உயிரோடு இருக்கும்போது அதை உறுதிசெய்ய வழியில்லை என்றார்.

"இன்னைக்கு வந்ததையே முதல் அளவா வெச்சுக்கலாம்மா."

எவ்வளவு போய்விட்டது என்பது இனி யாருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் கூட்டத்தில் அண்ணை முன்னால் போவார். அவர் முதுகைப் பார்த்தபடி நான் நடந்தால் போதும். இப்போது நான் முன்னால் போகிறேன். அந்தப் பெரிய உடம்பு என் பையின் வாரைப் பிடித்தபடி பின்னால் வருகிறது.

நேற்று தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினார்.

"நான் முந்தியும் இப்பிடித்தானே, பிள்ளை?"

"ஓம் அண்ணை," என்றேன்.