ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை

அறுபதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் நைனா என்னைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார். அக்காவின் கணவர் அங்கே சுரங்கத்தில் வேலை செய்தார். கல்தூசு நெஞ்சில் இறங்கிவிட்டது, இனி கீழே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீட்டையும் காலி செய்யவேண்டும். மாமாவின் அப்பா காலத்திலேயே மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பம். திரும்பிப் போக அவருக்கு ஊர் கிடையாது.

"நீ போயி வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடு. நான் சொல்லி அனுப்புனா மாப்ள வரமாட்டாரு. மச்சினன் கூப்புட்டாதான் வருவாரு" என்றார் நைனா.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாமனார் வீட்டில் வந்து தங்குவது ஆம்பிளைக்குக் குறைச்சல். பெண்ணின் தம்பியோ அண்ணனோ நேரில் போய் வெற்றிலை கொடுத்து அழைத்தால் அந்தக் குறைச்சல் இல்லை. மாப்பிள்ளைகள் தாங்களாக வந்து கேட்கமாட்டார்கள்.

செஞ்சி கடைத்தெருவில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திருவண்ணாமலை, வேலூர் என்று பஸ் மாறி, காட்பாடியில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் இறங்கி இன்னொரு ரயில். உடம்பெல்லாம் கரி. மரமில்லாத தரையில் சாம்பல் நிற மேடுகள் தெரிய ஆரம்பித்தன. தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண். காற்றடித்தால் ஊர் முழுக்க அது பறந்தது. நடுவே இரும்புக் கோபுரங்கள், உச்சியில் சக்கரங்கள். சக்கரம் சுற்றினால் யாரோ கீழே இறங்குகிறார்கள், அல்லது ஏறி வருகிறார்கள்.

அக்கா வீடு ஒற்றை அறை. மூங்கில் தட்டிச் சுவர். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"இன்னா வாத்தியாரே, தங்கம் வாரிக்கினு போவ வந்தியா? கேட்டுல வாயத் தொறந்து பாப்பானுங்க. பல்லு இடுக்குல கூட எடுத்துக்கினு போவமுடியாது."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமாயிற்று.

சாயங்காலம் மெதுவாக அந்த மேட்டடிவரை நடந்தோம். "உங்க செஞ்சியில மலைய சாமி குவிச்சி வெச்சிருக்குது. இது நாங்க உள்ளேர்ந்து அள்ளியாந்து குவிச்சது. எங்கப்பன் அள்ளினது அடியில கெடக்குது. என்து மேல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு, "தொண்டூர் ஏரியில தண்ணி இருக்குதா மச்சான்?" என்றார்.

ஏரிக்குக் கீழேதான் எங்கள் நிலம். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"எங்க மாமா தண்ணி. எல்லாம் காஞ்சி கெடக்குது" என்றேன்.

அந்த வருஷம் ஏரியில் கோடையிலும் தண்ணீர் நின்றது.

நிலத்தை நான் எனக்கென்றே நினைத்து வைத்திருந்தேன். அக்கா குடும்பத்தோடு வந்தால் பாதி போய்விடும். அந்த இருமல் என் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்றும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கல்தூசு தொற்றாது என்று தெரியாத அளவுக்கு நான் படிக்காதவன் இல்லை. அந்தப் படிப்பும் மாமாவின் சம்பளத்தில் படித்ததுதான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது தரை அதிர்ந்தது. பாத்திரங்கள் கலகலத்தன. ஆழத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது. சோறு போட்ட அக்காவின் கை அப்படியே நின்றது. மாமா கட்டிலில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் மீதியைப் போட்டாள்.

கிளம்புகிற காலையில் புளிச்சோறு கட்டி என் பையில் வைத்தாள்.

"நைனாகிட்ட இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறோம்னு சொல்லு."

"ஒன்னும் மறந்துட்டுப் போவலயே மச்சான்?" என்றார் மாமா, கட்டிலில் இருந்தபடி.

"இல்ல மாமா."

அக்கா ஸ்டேஷன்வரை வந்தாள். ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோலார்பேட்டை தாண்டிச் சோற்றுப் பொட்டலத்தை எடுக்கப் பையைத் திறந்தேன். வாடி அழுகியிருக்க வேண்டிய வெற்றிலை பச்சையாக இருந்தது. அழுகினதைக் கழித்து, அடுக்கி, பழைய புடவைக் கிழிசலை நனைத்துச் சுற்றி வைத்திருந்தாள். ஸ்டேஷனிலாவது எடுப்பேன் என்று நினைத்திருப்பாள். பொட்டலத்தைப் பிரிக்காமல் பையை மூடினேன்.

வீட்டில் நைனா பையைப் பார்த்தார். "வெத்தல குடுக்கலயா?"

"குடுத்தேன். வாங்கமாட்டேன்னுட்டாரு."

"ரோசக்காரரு" என்றார் நைனா. சாகும்வரை அப்படியேதான் நம்பினார்.

அடுத்த வருஷம் மாமா இறந்துபோனார். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை எடுத்துக்கொண்டு அதே ரயிலில் போனேன். அக்கா வாங்கிக்கொண்டாள். காரியம் முடிந்ததும், "ஊருக்கு வந்துடுக்கா" என்றேன். இந்த முறை சொல்வது சுலபமாக இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. "அவரு காது கேக்க சொல்லியிருந்தா வந்திருப்போம் தம்பி. இப்ப நான் மட்டும் வந்து இன்னா பண்றது?" என்றாள். கம்பெனி வீட்டைக் காலி செய்யக் கொடுத்த கெடு முடிந்திருந்தது; பக்கத்துத் தெருவில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். கடைசிவரை அங்கேயே இருந்தாள்.

தொண்டூர் நிலம் இன்றைக்கும் என் பேரில்தான் இருக்கிறது. ஏரி நிறைகிற வருஷங்களில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.