பெலேக்கின் பெயரைக் கொண்டுபோன ஞாயிறு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அன்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் கரைக்குக் கப்பலில் வந்த எங்கள் முப்பாட்டனார் பெயர் பெலேக். அவரிலிருந்து எங்கள் தாக்ஸ்டர் குடும்பத்துத் தலைப்பிள்ளை எல்லோரும் பெலேக்தான். தலைப்பிள்ளை செத்தால், அடுத்துப் பிறப்பவனுக்கு அந்தப் பெயர். என் அண்ணன் பெலேக். அவன் மகனும் பெலேக், ஆறு வயது.

அந்தக் குளிர்காலத்தில் பையனுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. அதே வாரம் அண்ணிக்கு இன்னொரு ஆண்பிள்ளை பிறந்தது. அவள் உள்ளறையில் எழ முடியாமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஞானஸ்நானத்துக்காக அண்ணன் பச்சைக் குழந்தையைக் கம்பளியில் சுற்றினான்.

“என்ன பேரு வைக்கப் போறே அண்ணே?”

“பெலேக்.”

“ஒரு பெலேக் இங்க மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான்.”

“எத்தனை நாளைக்கு? இதுக்கு வேற பேரு வெச்சுட்டு, நாளைக்கே அவன் போயிட்டா? ஞானஸ்நானம் ரெண்டு தடவை கிடையாது. பேரு என்னோட அத்துப் போயிரும்.”

“உன் குதிரை செத்து, தோலை உரிச்சப்புறம்தானே அதோட பேரைப் புதுசுக்கு வெச்சே? புள்ளைக்கு அவ்வளவுகூடப் பொறுக்க முடியலையா?”

அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெபவீட்டுக்குக் கிளம்பினான்.

திரும்பினால், பையன் விழித்திருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

“அத்தை... தம்பிக்கு என் பேரா?”

“சும்மா பேசிக்கிட்டோம்டா.”

“அப்ப எனக்கு என்ன பேரு?”

சோளக்கஞ்சியை ஊட்டினேன். இறங்கவில்லை. நாய் குரைப்பதுபோல வறட்டு இருமல்.

உச்சிப்பொழுதைக் காட்ட ஜன்னல் கட்டையில் வெட்டியிருந்த கோட்டில் வெயில் வந்து விழுந்தது. இருமல் நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

மறுபடி இருமல்.

கட்டிலிலிருந்து அல்ல... வாசலிலிருந்து.

பையனின் வாய் மூடியிருந்தது.

கதவைத் திறந்தேன். பனியில் அண்ணனின் காலடி மட்டும். அந்தத் தடத்தின் மேலேயே, ஜெபவீட்டுப் பக்கமாக, இருமல் தள்ளித் தள்ளிப் போனது...

உள்ளே ஓடினேன்.

“பெலேக்.”

வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தான்.

“பெலேக், அத்தைடா...”

கண் அசையவில்லை.

மூச்சும்...

சின்னவன் பிழைத்து வளர்ந்தான். இன்று அவன் மகனுக்கும் அதே பெயர்தான். நான் இருவரையும் ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணனைப் புதைத்த பிறகுதான் போதகரின் மனைவி என்னிடம் வாய் திறந்தாள். அந்த ஞாயிறு அவள் முன்வரிசையில் இருந்தவள்.

“போதகர் பேரைக் கேட்டார். உங்கண்ணன் சொன்னார். உடனே பின்னாலேருந்து ஒரு பையன் குரல், மூச்சு வாங்க... ‘அப்பா, நான் இன்னும் சாகலை’ன்னு. எல்லாரும் திரும்பினோம். யாரும் இல்லை. போதகர் கை அப்படியே நின்னுபோச்சு.”

“அண்ணன்?”

“அவர் ஒருத்தர்தான் திரும்பலை. ‘தண்ணிய ஊத்துங்க’ன்னார்.”