இந்த டிசம்பரா, அடுத்த டிசம்பரா?

போன வாரம் ஒரு காலை. என் மாமியார் தன் மகளிடம் கேட்டார் – "ஏட்டி, இட்லியா, தோசையா, உப்புமாவா?"

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் பதில் வந்தது – "மேற்கண்ட எதுவும் இல்லை."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. எனக்கு லேசாகப் பயம் வந்தது அப்போதுதான்.

மகேஸ்வரி என் கணவரின் தங்கை. வயது முப்பத்தொன்று. சங்கரன்கோவில் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியர் வக்கீலாக இருக்கிறாள். ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்களையெல்லாம் சீனியர் இவளிடம்தான் அனுப்புவார். இவளுக்கோ எல்.எல்.எம். முடித்து, சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வு வருஷத்துக்கு ஒருமுறைதான், டிசம்பரில். போன டிசம்பரில் எழுதினாள். கொஞ்ச மார்க்கில் போய்விட்டது.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த கையோடு, இந்த வருஷத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. எங்கள் வீட்டில் பட்டிமன்றமும் ஆரம்பித்தது.

"சூட்டோட சூடா எழுதிரணும். விட்டா டச் போயிரும்" என்றார் என் கணவர்.

"ஒரு வருஷம் கழிச்சு எழுதுனா கோர்ட்டு என்ன ஓடியா போயிரும்? மொகத்தப் பாரு, எப்படி வத்திக் கெடக்கு" என்றார் மாமியார்.

நான்? யார் பேசினாலும் அவர்கள் பக்கம் தலையாட்டினேன். மருமகளாக இத்தனை வருஷம் தாக்குப் பிடித்தது சும்மாவா?

மகேஸ்வரி யாரையும் கேட்கவில்லை. இந்த டிசம்பர்தான் என்று உட்கார்ந்துவிட்டாள். விடியுமுன் படிப்பு, பிறகு கோர்ட், சாயங்காலம் போனில் மாதிரித் தேர்வு. படிக்கப் படிக்க மார்க் ஏறும் என்றுதானே நினைப்போம்? இவளுக்கு இறங்கியது. இறங்க இறங்க இன்னும் அதிகமாகப் படித்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவளிடமிருந்து போன்.

"மதினி, ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா? முத்துலட்சுமின்னு ஒரு அக்கா திருவேங்கடத்துல இருந்து பஸ்ல வாராங்க. நேரா கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

விஷயம் இதுதான். முத்துலட்சுமி இவளுடைய கட்சிக்காரர். பிரிந்துபோன கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டு இரண்டு வருஷமாக அலைகிறார். அன்றைக்கு அவருக்குக் குறுக்கு விசாரணை. முந்தின வாரம் "என்னைக்கு வரணும்மா?" என்று போன் செய்தபோது, மகேஸ்வரி மாதிரித் தேர்வின் நடுவில் இருந்திருக்கிறாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் பார்க்காமல் "வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பெயர் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டார். மகேஸ்வரி எழுந்து, "தேதியைத் தவறாகச் சொன்னது நான்தான்" என்று ஒப்புக்கொண்டு, மதியம் வரை அவகாசம் கேட்டாள். நீதிபதி சரி என்றார். மதியத்துக்குள் முத்துலட்சுமி வராவிட்டால், இரண்டு வருஷ அலைச்சல் வீண்.

பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு பஸ் வந்தது, அதில் இல்லை. அடுத்ததில் முதல் ஆளாக இறங்கினார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. தையல் மிஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். ஸ்கூட்டரில் ஏறியதும், என்னைத் திட்டப்போகிறார் என்று முதுகை விறைத்துக்கொண்டேன்.

அவர் கேட்டது வேறு. "வக்கீலம்மாவுக்கு மேலுக்கு முடியலியா? கொஞ்ச நாளாவே அவுக பேச்சு சரியில்லையே."

எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி.

மதியம் முத்துலட்சுமி கூண்டில் ஏறினார். கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். வழக்கு பிழைத்தது. உத்தரவுக்குத் தேதி போட்டார்கள். வெளியே வந்ததும் மகேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதான்க்கா. மன்னிச்சிருங்க."

"அதான் வந்துட்டேன்லா. மொதல்ல ஏதாவது சாப்பிடுங்க. எனக்கும் பசிக்கி."

மூன்று பேரும் எதிர்க் கடையில் வடையும் டீயும் சாப்பிட்டோம். அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மகேஸ்வரி சொன்னாள், "மதினி, இந்த டிசம்பர் வேண்டாம். அடுத்த டிசம்பர் எழுதுதேன்."

"இன்னைக்கு நடந்ததுக்காகவா? பதட்டத்துல முடிவெடுக்காத."

"இல்ல மதினி. ரெண்டு மாசமாவே தெரியும். ஒத்துக்கத்தான் முடியல. ரிசல்ட் வந்த மறுநாளே திரும்பப் படிக்க உக்காந்துட்டேன். எந்தக் கேள்வில விட்டேன்னு பழைய பேப்பரைப் பிரிச்சுப் பாக்கவே இல்ல. பாக்கப் பயம். அப்புறம் அதே தப்பத்தான வேகமா செய்வேன்?"

சீனியரிடமும் பேசிவிட்டாளாம். பொங்கலுக்குப் பிறகு சனிக்கிழமை ஆபீஸுக்கு வர வேண்டாம், மே மாத விடுமுறை முழுக்கப் படி என்று சொல்லிவிட்டாராம். "இதை அப்பவே கேட்டிருக்கலாமேம்மா" என்றாராம்.

தோற்றதும் உடனே எழுந்து ஓடுகிறவர்களைத்தான் நமக்குப் பிடிக்கிறது. கைதட்டுகிறோம். ஆனால் எங்கே தடுக்கி விழுந்தோம் என்று உட்கார்ந்து பார்க்கவும் கொஞ்ச நேரம் வேண்டாமா? அந்த நேரத்தைக் கேட்டால் ஏன் நமக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது? தேர்வு எங்கேயும் போகாது. வருஷம் தவறாமல் வரும். நாம்தான் ஏதோ கடைசி பஸ் மாதிரி அதன் பின்னால் ஓடுகிறோம்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். சண்டைக்கு வருவார் என்று நான் எதிர்பார்த்த என் கணவர், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபம் போலிருக்கிறது என்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் நாலு மட்டன் பிரியாணிப் பொட்டலம்.

பாஸானால்தான் பிரியாணி என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?