அழாத பிள்ளை

மே மாதம். தலைக்கு மேலே தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் தூக்கி வைத்திருந்த அண்ணன் மகளின் கன்னம் மட்டும் மண்பானைபோல் குளிர்ந்திருந்தது.

அறுபதுகளில் தாராவியில், ஒற்றை அறையில் அண்ணன், மதினியோடு நான் இருந்த காலம் அது. அண்ணனுக்கு மில்லில் இரவு ஷிப்ட். பகலில் அவர் தூங்கியாக வேண்டும். அதனால் அழாத பிள்ளைதான் எங்களுக்கு நல்ல பிள்ளை. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்த அவளை வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் மெச்சினார்கள். “எம் பிள்ள வீட்டையே ரெண்டாக்குது. ஒனக்குத் தங்கம்லா பெறந்திருக்கு!” மதினிக்குப் பெருமை தாங்காது.

பிள்ளையின் நாக்கு எப்போதும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எப்போதாவது அழுதாலும் தொண்டை கட்டியதுபோல் ஒரு கரகரப்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருநாள் தயங்கித் தயங்கி, “மதினி, டாக்டர்ட்ட காட்டுவமா?” என்றேன். அண்ணன் பாயில் படுத்தபடியே சிரித்தார். “ஏல, ஒனக்குக் கல்யாணமே ஆவல, அதுக்குள்ள பிள்ள வளக்கச் சொல்லித்தாரியோ?” கூச்சத்தில் வெளியே போய்விட்டேன். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒன்றேகால் வயதாகியும் அவள் உட்காரவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மதினிக்கு இந்தி தெரியாது. டாக்டர் சொல்வதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை, ஆயுள் முழுக்க மாத்திரை கொடுத்தால் உடம்பு தேறும் என்றார். பிறந்த சில வாரங்களில் கொண்டுவந்திருந்தால் மூளையும் நன்றாக வளர்ந்திருக்கும், இனி அந்தக் குறை தீராது என்றார்.

“என்ன தம்பி சொல்லுதாரு?”

“மாத்திர குடுத்தா எல்லாம் சரியாயிரும், மதினி.”

பாதியை விழுங்கிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே வரிசையே கூடி நின்றது. மறுநாள் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைக்கும்போது மதினி தனக்குள் பாடிக்கொண்டிருந்தார். அதன்பின் எந்த நாளில் சொல்வது?

இன்று அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நடக்கிறாள், தானே சாப்பிடுகிறாள். ‘ம்மா’ தவிர வேறு பேச்சு வரவில்லை. அண்ணன் இப்போது இல்லை. நான் குடிபோன கோவண்டியிலிருந்து வந்துபோகும் ஒவ்வொரு ஞாயிறும் மதினி அவள் தாடையைத் தொட்டு என் பக்கம் திருப்புவார்.

“சித்தப்பா வந்திருக்காவ பாரு. ‘சித்தப்பா’ன்னு சொல்லுட்டி.”

சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை நானும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்பேன்.