சனிக்கிழமைக்கு மாற்றிய கரோல்

கோப்பாய் உதயகலாவுக்கு வானம் பார்ப்பதுதான் உத்தியோகம். அண்ணாந்து அல்ல, குனிந்துதான். யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்து, கடலுக்கு அப்பால் வயல் கொளுத்துவதால் வரும் புகை எவ்வளவு தூரம் வந்துவிட்டதென்று வானிலிருந்து செய்மதி எடுக்கும் படத்தில் பார்ப்பாள். எந்த நாள் இங்கே சேரும் என்று பள்ளிக்கூடங்களுக்கு அறிவிப்பாள். அறிவிக்கலாம், நிறுத்தத்தான் முடியாது.

அவளுடைய ஒரே மகள் மதுஷாவுக்குச் சிறுவயதிலிருந்தே முட்டு. புகை மணந்தால் போதும், நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். அந்தப் பிள்ளைக்கு இந்த முறைதான் வீட்டு வாசல்களில் பாடிப்போகும் சேர்ச் கரோலில் முதல் வரியைத் தனியே பாடக் கிடைத்தது. கரோல் வியாழக்கிழமை. படத்திலோ, புகையும் வியாழன் வந்து வெள்ளி கலைகிறது.

உதயகலா கரோல் கூட்டத்தை நடத்தும் கிறிஸ்துநாயகத்தாரிடம் போனாள்.

“அங்கிள், சனிக்கிழமைக்கு மாத்தேலாதே?”

“உன்ரை செய்மதியைக் கேட்டால் நத்தாரையும் தள்ளி வைக்கவேணும் போலை கிடக்கு.”

“நத்தார் வாற நாள் வரட்டும். என்ரை பிள்ளை பாடவேணும்.”

அவர் சிரித்துக்கொண்டே மாற்றினார். அது போதாதென்று, கூட்டின குப்பையைக் கொளுத்த வேண்டாமென்று ஒழுங்கை முழுக்க வீடு வீடாக ஏறினாள் அவள். பக்கத்து வீட்டுப் பராசக்தியக்கா நெருப்புப்பெட்டியையே நீட்டினாள். “இந்தா, நீயே வைச்சிரு. என்ரை கை சும்மா இராது.”

வியாழன் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. காற்று நடுக்கடலில் விழுந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைப் படத்தில் புகை சனிக்கிழமைக்குத் தள்ளிப் போயிருந்தது. மறுபடி ஓடினாள்.

“எழுபது வீட்டுக்குச் சொல்லியாச்சு, பிள்ளை. இனி ஏலாது,” என்றார் கிறிஸ்துநாயகத்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது புகையில் பனங்கூடல் தெரியவில்லை. ஒழுங்கையில் ஒரு சருகுகூட எரியவில்லை.

பின்னேரம் மதுஷா முட்டுக்கான மருந்துப் பம்மை இழுத்துவிட்டு, புதிதாய்த் தைத்த வெள்ளைச் சட்டையோடு கதிரையில் இருந்தாள்.

“அம்மா, ஒரு வரிதானே. மூச்சை அடக்கிக்கொண்டு போய்ப் பாடிப்போட்டு ஓடி வாறன்.”

“மூச்சை அடக்கினால் எப்பிடிக் குஞ்சு பாடுறது?”

பொழுதுபட்டபின் கரோல் கூட்டம் அவர்கள் வீட்டுப் படலையடிக்கு வந்தது. முதல் வரியை ஒருவரும் எடுக்கவில்லை. கிறிஸ்துநாயகத்தார் யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாடுங்கோ என்று உதயகலா கண்ணாடிக்குள்ளால் கையைக் காட்டினாள். அவர்கள் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினார்கள். யன்னல் நீக்கல்களில் ஈரத்துணி அடைத்திருந்தபடியால் அதுவும் அரைகுறையாகத்தான் கேட்டது.

“புகை எப்ப போகுமாம், அம்மா?”

“திங்கட்கிழமை எண்டு போட்டிருக்கு.”

வியாழக்கிழமை வரும் என்று போட்டதும் அதே படம்தான்.